பின்தெரு பப்பில் ஒரு பைன்ட் ரியல் ஏல்: தேடிப் போவதிலிருந்து கிளம்பும்வரை முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்களில் பலர் ஒரு முறையாவது பப்புக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது ரயில் நிலையத்துக்கு எதிரிலோ, சுற்றுலாத் தலத்தை ஒட்டியோ இருக்கும் பெரிய பப்பாக இருக்கும். அங்கே சில்லென்று ஒரு லாகர் குடித்துவிட்டு, "இதில் என்ன விசேஷம், இது நம்ம ஊரிலேயே கிடைக்கிறதே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 'ரியல் ஏல்' என்ற விசேஷமான பீர் அதே ஊரில், இரண்டு திருப்பம் தள்ளி, வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன பப்பில் கைப்பம்பு வழியாக ஊற்றப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த பப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி, உள்ளே போனால் எங்கே நிற்பது, என்ன கேட்பது, நல்ல பீரையும் கெட்டதையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு சசெக்ஸ் மாவட்டத்தின் லூயிஸ் நகரை எடுத்துக்கொள்கிறேன். லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்.

நிலவறையில் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

'கெக்' என்ற மூடிய உலோகக் கலத்தில் வரும் பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்து, அடைத்து அனுப்பிவிடுவார்கள். பப்பில் வாயு அழுத்தம் அதை மேலே தள்ளும். அதற்குமேல் அந்த பீரில் எதுவும் நடக்காது. ரியல் ஏலை, ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் ஊற்றி அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது மெல்லப் புளித்துக்கொண்டிருக்கும். நாக்கில் படும் அந்த லேசான குறுகுறுப்பு, அப்படிப் பீப்பாய்க்குள்ளேயே பிறந்த வாயு. யாழ்ப்பாணத்துத் தவறணையில் பனங்கள் குடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: இறக்கிய பிறகும் கள் அடங்குவதில்லை, காலையில் ஒரு ருசி, மாலையில் வேறு ருசி. ஏலின் கணக்கு மணிகளில் அல்ல, நாட்களில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பீப்பாயைப் படுக்கவைத்து, மேலே இருக்கும் துளையில் காற்று கசியக்கூடிய மென்மரக் குச்சி ஒன்றை அடிப்பார்கள். அதன் வழியே மிகுதியான வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். கொந்தளிப்பு அடங்கியதும் அதை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத கெட்டிக் குச்சியைச் செருகுவார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும்வரை பீப்பாயை அசைக்கக்கூடாது. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் பப் நடத்துபவர்தான் செய்கிறார். ஆலை பாதி வேலையை முடித்து அனுப்புகிறது, மீதிப் பாதி நிலவறையில் நடக்கிறது. ஒரே ஆலையின் ஒரே ஏல் ஒரு பப்பில் அமிர்தமாகவும் அடுத்த பப்பில் சப்பென்றும் இருப்பது இதனால்தான்.

குழாயைத் திறந்து முதல் பைன்ட்டை (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) எடுத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விற்கும் நேரத்தில் கெட்டிக் குச்சியை எடுத்துவிடுவதால், வெளியேறிய பீரின் இடத்தில் காற்று நுழையும். ஏறத்தாழ மூன்று நாளுக்குள் விற்றுத் தீர வேண்டும். அதன்பின் பீர் களைத்துவிடும், கடைசியில் புளிப்பேறும். பரவலாகப் பயன்படும் 'ஃபெர்கின்' பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைன்ட் இருக்கும். மூன்று நாளில் காலியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு பம்பிலிருந்தும் தினம் 24 பைன்ட் போயாக வேண்டும். நல்ல ஏல் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கான விடை முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பப்பைத் தேர்ந்தெடுப்பது

பெயர்ப்பலகையின் பழமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கைப்பம்புகளை எண்ணுங்கள், பிறகு ஆட்களை எண்ணுங்கள். பத்துப் பம்பும் எட்டு வாடிக்கையாளர்களும் இருக்கும் இடத்தில் பாதிப் பீப்பாய்கள் கிழடு தட்டியிருக்கும். இரண்டு அல்லது மூன்று பம்பு, அதே தெருக்காரர்கள் நிறைந்த கூடம் என்றால் தயங்காமல் உள்ளே போகலாம். தேர்வு குறைவாக இருப்பதை நான் குறையாகவே நினைப்பதில்லை.

இப்படிப்பட்ட பப்புகள் பின்தெருக்களில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1830-இல் வந்த பீர்க்கடைச் சட்டம், வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (அக்கால ஆங்கிலப் பணம்) கட்டணம் செலுத்தி பீர் விற்க உரிமம் பெறலாம் என்றது. வீட்டின் முன்னறையே கடையானது. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகப் பெருக, தெருவுக்கு ஒன்றாக இவையும் பெருகின. இன்றும் சில பப்புகளில் நுழையும்போது யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்டது போலத் தோன்றுவதற்கு இந்தப் பூர்வீகம் காரணம்.

தேடுவதற்குத் துணையாக 'குட் பீர் கைடு' என்ற ஆண்டுப் புத்தகம் இருக்கிறது. 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம் 1974 முதல் வெளியிட்டு வருகிறது. கெக் பீர் நாட்டையே மூடிக்கொண்டிருந்த 1971-இல், ஏலைக் காப்பாற்ற நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் அது. அந்தந்தப் பகுதி உறுப்பினர்கள் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பப்புகள் புத்தகத்தில் இருக்கும். ஏலின் தரத்தைச் சோதித்துத் தரும் 'காஸ்க் மார்க்' பட்டயம் வாசலில் தொங்கினால் அதுவும் நல்ல அறிகுறி.

லூயிஸ் ஆர்ம்ஸ்: ஒரு பப்புக்காக ஊரே வெளியே நின்ற கதை

ரயில் நிலையத்திலிருந்து மேடேறி ஹை ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். கோட்டையை ஒட்டிப் பின்னால் போகும் சந்தில் திரும்பினால், மேட்டின் அடியில் மவுன்ட் பிளேஸில் லூயிஸ் ஆர்ம்ஸ் இருக்கிறது. சின்னச் சின்ன அறைகள். தெரியாமல் வருபவர் கண்ணில் எளிதில் படாது.

இதே ஊரில் ஊஸ் ஆற்றங்கரையில் ஹார்வீஸ் ஆலை நிற்கிறது. 1790-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். 1881-இல் கட்டிய அதன் கோபுரத்தை ஊரார் 'லூயிஸ் கதீட்ரல்' என்கிறார்கள். அங்கே காய்ச்சும் 'சசெக்ஸ் பெஸ்ட்' பிட்டர்தான் இந்த ஊரின் அன்றாட பீர். லூயிஸ் ஆர்ம்ஸ், சஃபோக்கைச் சேர்ந்த கிரீன் கிங் என்ற பெரிய ஆலை நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2006 டிசம்பரில் அந்த நிறுவனம் பப்பிலிருந்து சசெக்ஸ் பெஸ்டை எடுத்துவிட்டது. இனி தன் சொந்த பீர்தான் என்றது.

வாடிக்கையாளர்கள் பப்பைப் புறக்கணித்தார்கள். குளிர்காலம் முழுக்க வாசலில் நின்று, உள்ளே போக வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது. நாட்டின் பத்திரிகைகளும் எழுதின. 133 நாள் கழித்து, 2007 ஏப்ரலில், நிறுவனம் இறங்கிவந்து ஹார்வீஸ் பீரைத் திரும்ப வைக்க ஒப்புக்கொண்டது.

இதை நான் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்தெரு பப்பின் பீர் நன்றாக இருப்பதற்கு அந்த ஆட்கள்தான் காரணம். தினம் 24 பைன்ட் என்ற அந்தக் கணக்கை அவர்கள் மழையிலும் பனியிலும் வந்து நிறைவேற்றுகிறார்கள். நீங்கள் ஒரு நாள் போய்க் குடிக்கும் புத்தம்புது பைன்ட், அவர்கள் வருடம் முழுக்க வந்துகொண்டிருப்பதால் கிடைப்பது. அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் எப்படி நடந்துகொள்வது என்பது பாதி தானாகவே வந்துவிடும்.

எந்த நேரத்தில் போவது

வார நாளில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை என்பது என் முதல் தேர்வு. வேலை முடிந்து வருபவர்களால் பம்பு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நெரிசல் இருக்காது. சனி, ஞாயிறு பிற்பகல்களும் நல்லவை. வெள்ளி இரவில் புதியவருக்கு நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. சின்ன பப்புகள் பல, வார நாட்களில் பிற்பகலுக்குப் பிறகே திறக்கும் என்பதால் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லூயிஸுக்கு நவம்பர் 5 அன்று மட்டும் பப்புக்காகப் போக வேண்டாம். அன்று சொக்கப்பனை ஊர்வலங்களால் ஊரே அடைபட்டிருக்கும்.

காரை எடுக்காதீர்கள். வயதுச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது சட்டம் என்றாலும், 25-க்குக் குறைவாகத் தெரிந்தால் கேட்பது வழக்கம்.

உள்ளே நுழைந்ததும்

மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், வரமாட்டார்கள். நேராக பார் கவுன்ட்டருக்குப் போங்கள். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. யார் முன்னால் வந்தார் என்பது அங்கே நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஊற்றுபவருக்கும் தெரியும். உங்களுக்கு முன்பே வந்தவர் இருக்கும்போது உங்களிடம் கேட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம். கையைத் தட்டுவது, பணத்தை ஆட்டிக் காட்டுவது, சத்தமாகக் கூப்பிடுவது எதுவும் வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும்.

காலி நாற்காலி தெரிந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சில மூலைகள் பல வருடமாக ஒருவருடையதாகவே இருக்கும். கவுன்ட்டரின் ஓரத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். பம்பையும் பார்க்கலாம், பேச்சும் காதில் விழும்.

எதைக் கேட்பது

ஒவ்வொரு கைப்பம்பிலும் ஒரு சின்னப் பட்டை மாட்டியிருக்கும்: பீரின் பெயர், ஆலை, ஆல்கஹால் சதவீதம். பட்டை பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்தது இன்னும் தெளியவில்லை என்பதால் காத்திருக்கிறார்கள். அப்படித் திருப்பிய பட்டையைப் பார்த்தால் எனக்கு அந்த பப்பின் மேல் நம்பிக்கை கூடும்.

'பிட்டர்' என்பது செம்பழுப்பு நிறம், 'ஹாப்ஸ்' என்ற கொடிப்பூவின் கசப்பு, பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவீதம். 'மைல்ட்' கருமையாக, கசப்பு குறைந்து, வலிமையும் குறைந்து இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கிடைத்தால். 'கோல்டன் ஏல்' வெளிர் நிறம், லாகர் பழகியவர்களுக்கு ஒத்துவரும். 'போர்ட்டர்', 'ஸ்டவுட்' இரண்டும் வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) கருமை. 'ஓல்ட் ஏல்' குளிர்காலத்துக்கானது. லூயிஸில் இலையுதிர்காலத்தில் ஹார்வீஸ் ஓல்ட் வந்துவிட்டதா என்று விசாரிப்பவர்களைப் பார்க்கலாம்.

தெரியவில்லை என்றால் "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஏலைப் பொறுத்தவரை இது முழுக்க நியாயமான கோரிக்கை. சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். கூட்டம் மொய்க்கும்போது மட்டும் தவிருங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி. பாதி பைன்ட் கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை. இரண்டு மூன்று வகையை அறிய நினைப்பவர் பாதியாகவே வாங்க வேண்டும்.

வாங்கும்போதே பணம் கொடுக்க வேண்டும். டிப்ஸ் வழக்கம் இல்லை. நன்றாகக் கவனித்தவருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுதான் அங்கத்திய முறை. ஒரு கிளாஸின் விலையைச் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள், அல்லது மறுத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஊற்றுவதைப் பாருங்கள்

போனை எடுத்துவைத்துவிட்டு இந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்துக் குழாயின் அடியில் பிடித்து, நீண்ட கைப்பிடியை ஒரே சீராக முன்னால் இழுப்பார்கள். ஜோசப் பிராமா 1797-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது அது. வாயு எதுவும் தள்ளுவதில்லை, நிலவறையிலிருந்து பீரை மேலே கொண்டுவருவது அந்தக் கையின் பலம் மட்டுமே. முதல் இழுப்பில் கிளாஸ் பாதி நிறையும். உள்ளே பால் கலந்தது போல ஒரு கலங்கல் சுழலும். இரண்டாவது இழுப்பு, பிறகு கடைசியாக ஒரு குட்டி இழுப்பு. கலங்கல் அடியிலிருந்து மேலாக மெல்ல விலக, செம்புநிறம் தெளிந்து ஏறும். கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால் எதிரே இருப்பவரின் சட்டை நிறம் தெரிய வேண்டும்.

வடக்கே யார்க்ஷயர் பக்கம் போனால் குழாய் நுனியில் சிறுதுளைகள் கொண்ட 'ஸ்பார்க்லர்' மாட்டி, கிரீம் போன்ற நுரையோடு தருவார்கள். தெற்கே நுரை மெலிதாகத்தான் இருக்கும். நுரை அதிகமாகி பீர் குறைவாகத் தெரிந்தால், "கொஞ்சம் நிரப்ப முடியுமா?" என்று கேட்டால் போதும், முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

குடிப்பது

சூடான பீர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சூடில்லை, நிலவறையின் குளிர்ச்சி. ஐஸ் போல இருந்தால் நாக்கு மரத்து, மால்ட்டின் ருசி போய்விடும். முதல் வாயில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் லாகரின் சுரீர் இதில் இல்லை. மூன்றாவது வாய்வரை பொறுங்கள். சசெக்ஸ் பெஸ்ட் என்றால் முதலில் பிஸ்கட் போன்ற மால்ட் இனிப்பு, நடுவில் ஒரு பழவாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் உலர்ந்த கசப்பு. ஃபக்கிள்ஸ், கோல்டிங்ஸ், புரோகிரஸ், பிராம்லிங் கிராஸ் என்ற நான்கு ஹாப்ஸ் வகைகளின் வேலை அது. அடுத்த வாயைக் கேட்கவைக்கும் கசப்பு.

அதனால்தான் கணக்கும் வேண்டும். 4 சதவீத பைன்ட் ஒன்றில் 2.3 யூனிட் ஆல்கஹால். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. அதாவது வாரம் முழுக்க ஆறு பைன்ட். மடக்கென்று குடிக்கும் பானமே இல்லை இது. குடிக்காதவர்களும் தாராளமாகக் கூடப் போகலாம். லைம் சோடாவோ ஜிஞ்சர் பீரோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பீர் கெட்டிருந்தால்

வினிகர் வாசம், அழுகிய முட்டை நெடி, உயிரே இல்லாத தட்டைச் சுவை, சேறு போன்ற கலங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டு கவுன்ட்டருக்குக் கொண்டுபோங்கள். குரலைத் தாழ்த்தி, "இது சரியாக இருக்கிறதா, ஒரு தடவை பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல பப்பில் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு ஒன்று ஊற்றித் தருவார்கள், அந்தப் பம்பின் பட்டையையும் திருப்பிவிடுவார்கள். நீங்கள் செய்தது அவர்களுக்கு உதவி. முக்கால் கிளாஸ் காலியான பிறகு புகார் சொல்லக்கூடாது. பிடிக்கவில்லை என்பதற்காகவும் திருப்பக்கூடாது. சில புதிய ஏல்கள் கலங்கலாகவே இருக்கும்படி தயாரிக்கப்படுகின்றன, அதை ஊற்றும்முன்பே சொல்லிவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைப் பலர் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பீப்பாய் ஏல் சீக்கிரம் தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த 'ஐசிங்கிளாஸ்' என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், இன்றும் பரவலாக இருக்கிறது. அது ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும் என்றாலும், மனம் ஒப்பாதவர்கள் "ஐசிங்கிளாஸ் சேர்க்காத பீர் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஏல்கள் இப்போது பெருகிவருகின்றன. கொறிக்கத் தரும் 'போர்க் ஸ்கிராச்சிங்ஸ்' பன்றித்தோல் வறுவல். பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். உப்பும் வினிகரும் போட்ட கிரிஸ்ப்ஸ் பிட்டருக்கு அருமையான துணை. பொட்டலத்தைக் கிழித்துத் தட்டு போல விரித்து மேசை நடுவில் வைத்தால், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ரவுண்டும் பேச்சும்

நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். இதுதான் ரவுண்டு. உங்கள் முறை வரும்போது நழுவுவதுதான் அங்கே பெரிய மரியாதைக்குறைவு. ஒரே ஒரு கிளாஸோடு கிளம்பப்போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லி, உங்களுடையதை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சைத் தொடங்க, "இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?" என்பதைவிட நல்ல கேள்வி இல்லை. காலடியில் படுத்திருக்கும் நாயைப் பற்றியும் பேசலாம். சசெக்ஸ் பெரியவர்களிடம் கிரிக்கெட் நன்றாக எடுபடும். ரஞ்சி கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி ஆடியது சசெக்ஸ் அணிக்காக. அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலரும். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் விட்டுவிடுங்கள், அவர் தனிமைக்காக வந்திருக்கலாம். தனியாகப் போகும் பெண்களுக்கு முன்மாலை நேரமும் கவுன்ட்டருக்குப் பக்கத்து இடமும் சௌகரியமானவை.

லூயிஸ் பப்புகளில் 'டோட் இன் தி ஹோல்' என்ற விளையாட்டைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். ஈயத்தகடு பதித்த சாய்வான மேசையில் ஒரு துளை. தள்ளி நின்று கனமான பித்தளை வட்டுகளை எறிந்து அதற்குள் விழவைக்க வேண்டும். தகட்டில் வட்டு விழும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். ஊருக்குள் இதற்கென்று லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. போட்டி நடக்காத நேரத்தில் கேட்டால் உங்களையும் எறியச் சொல்வார்கள்.

கிளம்பும்போது

மூடுவதற்குச் சற்று முன் மணி அடித்து கடைசி ஆர்டர் என்பார்கள். அதற்குமேல் ஊற்ற மாட்டார்கள், கையில் இருப்பதைக் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். காலி கிளாஸை மேசையில் விட்டுவிடாமல் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்து நன்றி சொல்லுங்கள். வெளியே வந்ததும் குரலைக் குறையுங்கள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் குழந்தைகள் தூங்கும் வீடுகள் இருக்கின்றன, அந்த வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தால் பப்பின் உரிமத்துக்கே சிக்கல் வரும். லூயிஸிலிருந்து லண்டனுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதல் பைன்ட்டுக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் இறக்கத்தில் இருக்கிறது, ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து சில நிமிட நடைதான்.